காலி என்று குறித்த இடம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும் ஆண்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை நாற்காலியில் உட்கார்ந்துவிடும், எழுப்பினாலும் எழுந்திருக்காது. இன்னொரு வகை வீட்டை ஒழுங்குபடுத்தக் கிளம்பும். முதல் வகையோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். இரண்டாம் வகையிடமிருந்து வீட்டைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

நம்முடைய ஆள் இரண்டாம் வகை. லாரி உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்கு ஒன்றில் ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்தவர். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே கிடங்கு மாமா என்று ஆகிவிட்டது. கிடங்கில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். மூன்று வருடமாக இடம் நகராத சரக்கு செத்த சரக்கு. தூக்கி வெளியே போட்டால் இடம் கிடைக்கும், இடம் கிடைத்தால் வேலை ஓடும். இந்தச் சட்டத்தால் மேலாளரிடம் நல்ல பெயர் வாங்கியவர். நல்ல பெயர் வாங்கித் தந்த பழக்கம் லேசில் விடுமா? ஓய்வு பெற்ற கையோடு அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். மூடியில்லாத ஃபிளாஸ்க் ஒன்று போயிற்று. அடுத்த வாரம் ஃபிளாஸ்க் இல்லாத மூடி ஒன்று அகப்பட்டது; அதுவும் போயிற்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பது குப்பை வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் புரிந்தது.

வீட்டின் முன் அறை மட்டும் அவர் கைக்கு அகப்படாமல் தப்பியிருந்தது. அது அவர் மனைவியின் அறை. அங்கே ஓர் எம்பிராய்டரி மெஷின் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டைப் பையில் தைக்கும் சின்னங்கள், கம்பெனிக்காரர்களின் தொப்பியில் வரும் பெயர்கள் எல்லாம் அந்த மெஷினில்தான் அவள் போட்டுக் கொடுப்பாள். மெஷினுக்குப் பக்கத்தில், தொப்பை வைத்த மானிட்டரோடு ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்த நூல், எந்தப் பக்கம், எத்தனை தையல் என்று மெஷினுக்குச் சொல்வது அது. அதன் பேச்சைத் தவிர வேறு எந்தக் கம்ப்யூட்டரின் பேச்சுக்கும் அந்த மெஷின் காது கொடுக்காது. இரண்டையும் விற்ற கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அதனால் அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்று சொல்லிவைத்திருந்தாள்: இந்தக் கம்ப்யூட்டர் நிற்கிற அன்றைக்கு நானும் நிறுத்திவிடுவேன், புதிது வாங்கிப் புதிதாகப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை.

இதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை தலைதூக்கும், உடனே வெட்கமும் வரும். ஓய்வு பெற்றால் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்துத்தான் அவர் கடைசி வருடங்களைத் தள்ளினார். மகன் வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் அவர் வேலையை விட்டு வந்த நேரம், அவளுக்கு வேலை கூடியிருந்தது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை முன் அறையில் மெஷின் கடகடக்கும். அவர் பின் அறையில் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரிதான்.

அன்றைக்கு அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். போகும்போது, கம்ப்யூட்டர் இரண்டு நாளாக ஊர்ந்துகொண்டிருக்கிறது, இடம் போதவில்லை என்று என்னமோ எழுதிக் காட்டுகிறது என்று சலித்துக்கொண்டே போனாள். இடம் போதவில்லை என்ற வார்த்தை அவர் காதில் விழுந்திருக்கவே கூடாது. இவருக்கா இடம் பண்ணத் தெரியாது? அவள் திரும்பி வருவதற்குள் காரியத்தை முடித்து வைத்தால் அவள் வேலை சீக்கிரம் ஓடும். சீக்கிரம் முடிந்தால் சாயங்காலம் மிச்சம். நல்ல எண்ணம்தான், குறை சொல்லக் கூடாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் எண்ணம் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

கிடங்கில் கம்ப்யூட்டரில் கணக்கு பார்த்தவர் என்பதால் அடிப்படை தெரியும். கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோப்பு கிடந்தது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த வருடத்தின் தேதி. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டதாக அடையாளமே இல்லை. பெயரைப் பார்த்தால் வாயில் நுழையவில்லை. அவர் கிடங்குக் கணக்குப்படி மூன்று வருடம் என்ன, அதைப் போலப் பல மடங்கு செத்துப்போன சரக்கு. அழிக்கச் சொன்னார். இது சிஸ்டம் கோப்பு, எடுத்தால் கம்ப்யூட்டர் ஓடாமல் போகலாம், சரியா என்று அது கேட்டது. எந்தச் சரக்கைத் தூக்கப் போனாலும் ‘ஐயோ, அது வேணும்’ என்று ஒருத்தன் ஓடி வருவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர். சரி என்று தட்டினார். பிறகு குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். வாசல்வரை கொண்டுபோன குப்பையைத் தெருவில் போடாமல் விட்டால் அது என்ன சுத்தம்?

அணைத்துப் போட்டார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளையாக வந்து நின்றது. இன்ன கோப்பைக் காணோம் என்றது. அந்தப் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் கண்ணுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடி அதே வரி. ஒயரைப் பிடுங்கி மாட்டினார், பெட்டியைத் தட்டினார், சாமியையும் கூப்பிட்டார். வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளிவிட்டு, பின் அறைக்குப் போய் அலமாரி முன்னால் நின்றுகொண்டார்.

அவள் வந்தாள், கம்ப்யூட்டரைப் போட்டாள், அந்த வரியைப் பார்த்தாள். அவர் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றார். கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் தீர்மானம். ஆனால் அவள் கேட்கவில்லை. பின் அறை வாசலுக்கு வந்து, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, “அதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சுங்க. போதும். நானும் நிறுத்திக்கறேன்” என்றாள்.

அந்த நொடியில் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுவும் தானாக விழுந்த பழம் என்றே அவள் நம்பிக்கொண்டிருக்கும்போது, எதற்கு வாயைத் திறப்பானேன்? மனிதர் மோசமானவர் இல்லை. ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது கையை இழுத்துக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதான். “ரொம்ப நாள் உழைச்சிடுச்சு” என்று மட்டும் சொன்னார். கம்ப்யூட்டரைச் சொன்னாரா அவளைச் சொன்னாரா என்று அவருக்கே விளங்கவில்லை.

கைவசம் இருந்த ஆர்டர்களை அவள் வேறொரு தையல்காரியிடம் மாற்றிவிட்டாள். மெஷின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினாள். மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் வாய்க்கால் கரைப் பக்கம் நடக்கப் போனார்கள். கல்யாணமான புதிதில் நடந்ததற்குப் பிறகு இப்போதுதான். அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். கிடங்கில் ஒருத்தன் லாரிக் கதவைத் தப்பாகப் பொருத்திவிட்டு உள்ளேயே மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னபோது அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாளும் போனார்கள். தண்ணீர் பக்கமாகக் காற்று வந்தது. அவர் சந்தோஷமாக இருந்தார். இதற்குத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

ஆனால் பக்கத்திலேயே இருந்தால் பார்க்காமல் எப்படி இருப்பது? கரையில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஓடினால், அவள் கண் முகத்துக்குப் போகாமல் சட்டைப் பைக்குப் போயிற்று. நூல் தொய்ந்திருக்கிறது, நாலு சலவைக்குத் தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் வழக்கம்போல எழுந்து, பல் தேய்த்து, முன் அறை வாசல்வரை போவாள். அங்கே நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாதவள் மாதிரி திரும்பி வருவாள். சாப்பிட்டு உட்கார்ந்தால் விரல்கள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருக்கும். வருத்தமா என்று அவர் கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை, கை சும்மா இருக்கிறது என்றாள். அவருக்கு அது நன்றாகப் புரிந்தது. கிடங்கை விட்டு வந்த முதல் மாதம் அவர் கையும் அப்படித்தான் இருந்தது. அதற்காகத்தான் அந்த ஃபிளாஸ்க்கையும் மூடியையும் பிடித்துக்கொண்டார். அப்போது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. நமக்கு வந்த நோவை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கூட ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறோமே என்று நினைத்தார்.

பழைய மெஷின் வாங்குகிற ஒருவர் வந்தார். போர்வையை விலக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டரையும் சேர்த்தே இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, நாளை மத்தியானம் வண்டியோடு வருகிறேன் என்று போனார். அவள் சரி என்றாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அவர் மொட்டை மாடிக்குப் போய் மச்சினிக்குப் போன் செய்தார். மனைவியின் தங்கை, கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவள். அத்தானைக் கிண்டல் செய்யாமல் அவளுக்கு ஒரு வாக்கியமும் முடியாது. அவர் பேச்சு வாக்கில் கேட்பதுபோலக் கேட்டார். தெரியாத்தனமாக ஒருத்தர் சிஸ்டம் கோப்பு ஒன்றை அழித்துவிட்டால் திரும்ப எடுக்க வழியுண்டா என்றார். அந்த ஒருத்தர் யார் என்றாள் அவள். கிடங்கில் பழைய ஆள் ஒருத்தர் என்றார்.

“கிடங்குல பழைய ஆள்னா நீங்கதானே அத்தான்” என்றாள்.

பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அழித்த பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் ஏதாவது ஏற்றினீர்களா, எழுதினீர்களா என்று துருவினாள். அது ஓடவே இல்லையே, எங்கே எழுதுவது என்றார். அது நல்லதாகப் போயிற்று என்றாள். அந்தக் கோப்பு வெளியே கிடைக்காதாம். மெஷின் விற்ற கம்பெனிக்காரன், அந்த மெஷினுக்காகவே மாற்றி எழுதி உள்ளே வைத்தது. அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் இருந்தால்தான் உண்டு.

“அதான் அழிச்சிட்டேனே.”

“அழிச்சதும் அழிஞ்சிடாது அத்தான். அந்த இடம் காலின்னு குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். வேற ஒண்ணு வந்து அதுமேல உக்கார்ற வரைக்கும் பழசு அங்கேயேதான் கிடக்கும்.”

சரக்கைத் தூக்காமலேயே அட்டையில் மட்டும் காலி என்று எழுதி மாட்டிய அலமாரிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படி எழுதுகிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். இப்போது அந்த ஏமாற்று வேலையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. காலையிலேயே வந்துவிடு, உன் அக்கா குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். மச்சினி குறுக்கிட்டாள். வருகிறேன், ஆனால் அக்காவிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் வந்து மணி அடிப்பதற்குள் நீங்களே சொல்லியிருக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

காலையில் மனைவி முன் அறையில் இருந்தாள். போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, சின்ன பிரஷ்ஷால் ஊசித் தட்டில் அடைந்திருந்த நூல் பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரும்பு விலைக்குப் போகிற மெஷினுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று யாரும் கேட்டிருக்கலாம். அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. வாசற்படியிலேயே நின்று சொன்னார்.

“அது தானா நிக்கல. நான்தான் ஒரு ஃபைலை அழிச்சிட்டேன்.”

பிரஷ் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

“எப்போ?”

“நீ நூல் வாங்கப் போனப்போ. இடம் பண்ணிக் கொடுக்கலாம்னு.”

“அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

பிரஷ்ஷை மேசையில் வைத்தாள். அவரைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரம் எதையும் உருட்டவில்லை. உருட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தியிருந்தால் காலில்கூட விழுந்திருப்பார். குழாயைத் திறந்து, கழுவிய தம்ளர்களையே எடுத்து மறுபடி கழுவினாள். அதற்குள் வாசலில் மணி அடித்தது.

மச்சினி இரண்டு முகத்தையும் பார்த்தாள். வழக்கமான கிண்டலை வாசலிலேயே விட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். திருகாணிகளைக் கழற்றி, டிஸ்கை வெளியே எடுத்து, ஒரு கேபிள் வழியாகத் தன் லேப்டாப்பில் மாட்டினாள். பழைய பெட்டிக்குள் இருந்த பஞ்சையும் தூசியையும் பார்த்து, அத்தான், சுத்தம் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ செய்திருக்கிறீர்களே என்று மட்டும் சொன்னாள். அவர் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். டிஸ்கை ஓரத்திலிருந்து ஓரம்வரை படிக்க நேரம் எடுத்தது. அக்கா கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழித்த கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. காலி என்று குறித்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து மட்டும் போயிருந்தது. தலையில்லாத அந்தப் பெயரை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். இதுதான் என்று விரலை வைத்துக் காட்டினார்.

“முழுசா இருக்கு. ஒரு சேதமும் இல்லை” என்றாள் மச்சினி.

முதல் எழுத்தைப் போட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். டிஸ்கைப் பெட்டியில் பொருத்தினாள். பட்டனை அவர் அழுத்தவில்லை, மச்சினியும் அழுத்தவில்லை. அக்கா வந்து அழுத்தினாள். விசிறி முனகிற்று. கறுப்புத் திரை கொஞ்சம் யோசித்தது, பிறகு விடிந்தது. மெஷின் விழித்துக்கொண்டு ஊசியை மேலே தூக்கி நிறுத்தியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெஷின் வாங்குகிறவருக்கு வர வேண்டாம் என்று போன் செய்தாள். அவள் குரல் பழையபடி, வேலை இருக்கிறவளின் குரலாக இருந்தது.

மச்சினி அந்த டிஸ்க்குக்கு இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தான் கையில் ஒன்றும் கொடுக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். கோப்பைப் பற்றிக் கேட்பாள் என்று அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

“அப்போ வாய்க்கால் கரைக்குக் கூட்டிட்டுப் போனது, சிரிக்க வெச்சது, எல்லாம் இதை மூடி மறைக்கத்தானா?”

இதற்கு அவர் தயாராக இல்லை. செய்த தப்பு அந்த இரண்டு சாயங்காலத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“இல்ல” என்றார். “மறைக்கறதுக்காக உன்னைக் கூட்டிட்டுப் போகல. கூட்டிட்டுப் போகணும்னுதான் மறைச்சேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் கோபமும் அதிலேயே இருந்தது.

“அதை வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே மெஷினை நிறுத்திட்டு வந்திருப்பேனே. இத்தனை மாசத்துல ஒரு தரம் கேட்டிருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தார். சாயங்காலங்களில் செருப்பை மாட்டிக்கொண்டு முன் அறை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்திருக்கிறார். மெஷின் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்குமா என்றுகூடத் தெரியாது. அதைத்தான் இத்தனை நாளும், தான் கேட்டதாகவும் அவள் மறுத்ததாகவும் கணக்கு வைத்திருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

அன்று சாயங்காலம் அவர் வாசலில் போய் நின்று, கனைக்காமல், நடக்க வருகிறாயா என்று வாயைத் திறந்து கேட்டார். ஆர்டர்களைத் திருப்பி வாங்கியாயிற்று, தைக்க வேண்டும் என்று அவள் நிமிராமலே சொன்னாள். அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். மறுநாள் மறுபடி கேட்டார்.

“இன்னும் கோவம் போகல” என்றாள்.

சரி என்று தனியாகவே போனார். கரையில் அதே பெஞ்சில் உட்கார்ந்தார், காற்று நன்றாகத்தான் வந்தது, உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாளும் கேட்டார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, மெஷினை நிறுத்தி, விளக்கையும் அணைத்தாள்.

“நில்லுங்க, செருப்பைப் போட்டுக்கறேன்” என்றாள்.